படலையும் பிறாடோவும்

பண்டிதனுக்கும் பிறாடோ வண்டிக்கும் யாது தொடர்பு என்று வாசகர் வினவுதல் கூடும். தொடர்பு உறவு பற்றியது. காலஞ்சென்ற என் தம்பியின் மகன் வன்னிப் பகுதியிலுள்ள வைத்தியசாலையொன்றில் வைத்தியனாகக் கடமையாற்றுகின்றான். எனக்கு அவன் பெறாமகன்; பெற்ற பிள்ளையிலும் உரிமை மிக்கவன். தைமாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலே அவன் என்னிடம் வந்து, "பெரியப்பா, ஒரு வாகனம் பார்த்து வைச்சிருக்கிறன். இண்டைக்கு ஓடிப் பார்க்கப் போறன். நீங்களும் வாங்கோ" என்றான்.

"மோட்டார் வண்டியைப் பற்றி எனக்கு என்னடா தெரியும்?" என்றேன்.

"ஒண்டும் தெரியாத ஒருவர் பக்கத்திலை இருந்தால்தான் நான் அவசரப்பட மாட்டன்" என்றான்.

அவ்விடை எனக்குப் பிடித்திருந்தது. புறப்பட்டேன்.

இவ்வகை வண்டிகளின்மேல் எனக்கு நெடுங்காலமாக ஒரு வெறுப்பு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று. எங்கள் ஒழுங்கையில் இவற்றுள் ஒன்று நுழைந்தால், துவிச்சக்கர வண்டியிற் செல்லும் ஆசிரியன் இறங்கி வேலியோடு வேலியாக ஒட்டி நிற்றல் வேண்டும். ஆசிரியர் அறையிலே இவற்றை இகழ்ந்து பேசுவது எம்மனோர்க்கு ஒரு பொழுதுபோக்கு. அவ்விகழ்ச்சியிற் பாதி பொறாமை என்பதை, ஐம்பது வயது கடந்த பின்னராயினும், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

என் பெறாமகன் பகட்டுக்காக இதனை நாடினான் அல்லன். 2025 நவம்பர் இறுதியில் 'டிட்வா' புயல் இலங்கையைத் தாக்கியபோது அவன் தன் சிறிய காரிலே கடமைக்குச் சென்றுகொண்டிருந்தான். தெரு எது, குளம் எது என்று தெரியாதபடி வெள்ளம் பரந்து கிடந்தது. வண்டிக்குள்ளே முழங்காலளவு நீர் புகுந்துவிட்டது. அன்றிரவு உழவு இயந்திரம் ஒன்றின் பெட்டியில் ஏறியே அவன் வைத்தியசாலையை அடைந்தான். அதன் பின்னர்தான் நிலத்திலிருந்து உயர்ந்து நிற்கும் வண்டி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு உறுதிப்பட்டது. இதிலே குற்றங் காண எனக்கு வாய் இல்லை.

விலையைக் கேட்டபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. இந்நாட்டில் 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளிலே, ஓடித் தேய்ந்த வண்டியும் நாளுக்கு நாள் விலையேறிற்று. உலகில் எங்கும் பழகப் பழக விலை குறையும் பொருள், எங்கள் நாட்டில் மட்டும் பழம்புளி போல மதிப்புப் பெற்றது. வழி திறந்த பின்னும் புதிய வண்டியின்மேல் வரிக்குமேல் வரி விழுவதால், எங்கள் வைத்தியர் பார்த்து வைத்ததும் 2016 ஆம் ஆண்டிலே ஜப்பானிற் செய்யப்பட்ட ஒரு வண்டியே. அதன் விலைக்கு எங்கள் ஊரிலே நல்லதொரு கல்வீடு கட்டிக் கிணறும் வெட்டலாம். வங்கிக் கடன் ஒரு பாதி. பத்தாண்டுச் சேமிப்பு மறுபாதி. ஆகவே தவறான தெரிவு ஒரு குடும்பத்தைப் பல்லாண்டு வருத்தும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பண்டிதனிடம் வேறு எதை எதிர்பார்க்கலாம்? 'பிறாடோ' என்பது ஸ்பானிய மொழியிலே புல்வெளியைக் குறிக்கும். அதற்குப் போட்டியாக எங்கள் தெருக்களில் ஓடிய 'பஜெறோ' என்னும் வண்டி, ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளில் 'மொன்ரெறோ' என்று வேறு பெயர் பூண்டு விற்கப்பட்டது. காரணம் இடக்கரடக்கல், அவையிலே விரித்துரைக்கலாகாது. இனி, இவற்றை ஆடம்பர வண்டி என்கின்றோம். ஆடம்பரம் என்னும் வடசொல்லுக்கு முரசொலி, யானையின் பிளிறல் என்பன பழைய பொருள்கள். ஆனால் அவ்வண்டியினுள் ஏறிக் கதவைச் சாத்தியபோது யான் முதலில் உணர்ந்தது மௌனத்தை. கடைத்தெரு இரைச்சல் முழுவதும் ஒரு கணத்தில் அற்றுப்போயிற்று. முதுகு நோவுள்ள எனக்கு அந்த ஆசனம் தாயின் மடிபோல் இருந்தது. என் வெறுப்பு அவ்விடத்திலேயே அரைவாசி கரைந்துவிட்டது. பரீட்சிக்கப்படுவது வண்டியா, யானா என்ற ஐயமும் அப்போதே பிறந்தது.

விற்பனை நிலையத்தார் மிக மரியாதையானவர்கள். நாங்கள் செல்லுமுன்னரே இயந்திரத்தை இயக்கிச் சூடேற்றி, குளிரூட்டியை முடுக்கி, மெல்லிய இசையும் போட்டு வைத்திருந்தனர். வழியையும் அவர்களே குறித்தனர். பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவுப்பக்கம் கொஞ்சத் தூரம் சென்று திரும்புவது. இருமருங்கும் கடல், நேரான தெரு, காற்று. பதினைந்து நிமிடத்தில் திரும்பிவிட்டோம். அந்தத் தெருவிலே பழைய மாட்டுவண்டியும் புட்பக விமானம் போலத்தான் ஓடும். என் பெறாமகன் முகம் மலர்ந்து சாவியைத் திருப்பிக் கொடுத்து, முற்பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினான். "நாளை சொல்வோம்" என்றேன் யான். என்னை அவன் அழைத்துச் சென்றதன் பயன் அவ்வளவே.

அன்று மாலை என் பழைய மாணவன் ஒருவனிடம் சென்றோம். என்னிடம் இலக்கணம் கற்று, புணர்ச்சி விதியில் இடறி, பரீட்சையைக் கைவிட்டுப் போனவன்; இப்போது சொந்தமாக ஒரு கராச் நடத்துகின்றான். "ஐயா, சூடான இஞ்சின் எல்லாக் குற்றத்தையும் மறைக்கும். விடியக்காலமை, ஆற விட்டு, நீங்களே ஸ்ராட் பண்ணச் சொல்லுங்கோ" என்றான். டீசல் இயந்திரம் குளிர்ந்த நிலையில் உயிர்க்கும்போது புகைக்குழாயின் வாயைப் பார்க்க வேண்டுமாம். நீலப்புகை எழுந்தால் உள்ளே எண்ணெய் எரிகின்றது. வெண்புகை ஓயாது நின்றால் எரிபொருள் செவ்வே எரியவில்லை, அல்லது குளிர்நீர் உள்ளே கசிகின்றது. இசையை நிறுத்த வேண்டும். ஸ்ரியறிங்கை ஒரு புறம் முற்றாகத் திருப்பி, ஊர்ந்து வட்டமிட்டுச் சக்கரங்களின் மூட்டில் ஒலி எழுகின்றதா என்று கேட்க வேண்டும். வெறுந்தெருவில் பிறேக்கை அழுத்தி, வண்டி ஒரு பக்கம் இழுக்கின்றதா என்று நோக்க வேண்டும். ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணை நம்பாது, கால்மிதியின் இறப்பர் எவ்வளவு தேய்ந்தது, சாரதி ஆசனத்தின் ஓரம் எவ்வளவு நைந்தது என்று பார்க்க வேண்டும். எண்ணைத் திருத்துவோன் கால்மிதியை மறந்துவிடுவானாம். அடிச்சட்டத்திற் பொறித்த இலக்கம் பத்திரத்திலுள்ள இலக்கத்தோடு ஒத்ததா என்பது எல்லாவற்றுக்கும் முந்தியது.

யான் கைகட்டி நின்று கேட்டேன். வள்ளுவர் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரம் வைத்து, அதனை அடுத்துத் தெரிந்து வினையாடல் என வேறோர் அதிகாரமும் வைத்தார். ஆராய்ந்து நம்புதல் ஒன்று. இன்ன வேலைக்கு இவன் தக்கவன் என்று அறிந்து அதிலே அவனை அமர்த்துதல் மற்றொன்று. என் மாணவன் கற்பித்ததெல்லாம் முந்திய அதிகாரம். வண்டி நல்லதா என்பதற்கு அது போதும். எங்கள் வீட்டுக்கு ஏற்றதா என்பதற்குப் போதாது.

என் பேரனார் எருது வாங்கிய வகையை அம்மா சொல்லக் கேட்டிருக்கின்றேன். சுழியும் பல்லும் பார்த்த மாத்திரத்தில் அவர் பணம் எண்ணுவதில்லை. மாட்டைத் தம் தோட்டத்துக்குக் கொணர்வித்து, தம் கலப்பையிற் பூட்டி, இரண்டு சால் ஓட்டிப் பார்த்த பின்னரே மடியை அவிழ்ப்பார். விற்கிறவன் தோட்டத்து மண்ணிலே எந்த மாடும் நன்றாக உழும் என்பாராம். மாட்டுக்கு இவ்வளவு பார்த்த ஊரிலே, இத்தனை பெருந்தொகை கொடுத்து வாங்கும் வண்டியைப் பதினைந்து நிமிடம் கடற்காற்று வாங்கிவிட்டு வாங்குகின்றோம். விற்பவரைக் குறைகூற மாட்டேன். தம் பொருளை அழகுற வைப்பது அவர் தொழில். கேளாதிருப்பது எங்கள் பிழை. படித்தவர் என்ற கூச்சமே எங்களைக் கேளாதிருக்கச் செய்கின்றது என்றுகூட நினைக்கின்றேன்.

ஆகவே மறுநாள் விடியற்காலையில் வண்டி ஆறியிருக்கும்போது இயக்கிப் பார்ப்பதென்றும், பின் அதனை எங்கள் ஒழுங்கைக்குக் கொணர்வதென்றும் கேட்டோம். விற்பனை நிலையத்தார் முதலில் தயங்கினர். பின் ஒருவர் உடன்வர இசைந்தனர். குளிர்ந்த இயந்திரம் குற்றமறப் பேசிற்று. புகை இல்லை, வட்டமிட்டபோது ஒலி இல்லை, கால்மிதியும் எண்ணும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. வண்டி தேறிவிட்டது. இனி எங்கள் முறை.

ஒழுங்கையின் முடக்கிலே ஒருமுறை பின்வாங்கி மீண்டும் திரும்ப வேண்டியிருந்தது. வேலிக் கிளுவைகள் இரு மருங்கும் உரசின. வீட்டு வாயிலில் அம்மா கதிரையிட்டு இருந்தார். அவருக்கு எண்பத்து மூன்று வயது. இரு முழங்காலும் நோய்ப்பட்டவை. மாதந்தோறும் மருத்துவப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டியவர். பேரன் கதவைத் திறந்து பிடித்தான். அம்மா படியில் ஒரு காலை வைத்தார், மறுகால் எழவில்லை. இரண்டாம் முறையும் எழவில்லை. கீழே இறங்கி நின்று, வண்டியை மேலும் கீழும் பார்த்து, "ஏன் மோனை, இவ்வளவு காசு குடுக்கிறாய், ஏணி ஒண்டும் தாறேல்லையோ?" என்றார். விற்பனை நிலையத்தவர் சிரித்தார். பேரன் சிரிக்கவில்லை. வெள்ளத்துக்கு மேலே எழும்பும் அதே உயரம், அம்மாவின் முழங்காலுக்கும் மேலே எழும்பி நின்றது. குறை வண்டியினதும் அன்று, முழங்காலினதும் அன்று. பண்ணைத் தாம்போதியில் நூறு முறை ஓடினாலும் இதனை அறிந்திருக்க மாட்டோம்.

அதனினும் பெரிய சிக்கல் படலையிலே இருந்தது.

எங்கள் வீட்டு வாயிலில் நிற்பது சங்கடப்படலை. மேலே ஓடு வேய்ந்த சிறு கூரை, இருபுறமும் திண்ணை, ஓரத்தில் தண்ணீர்ப் பானை. வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கன் யாரையும் கேளாது ஒதுங்கி இருந்து போவதற்காக எம் முன்னோர் கட்டியது. இத்தகையவை யாழ்ப்பாணத்தில் இப்போது அருகிவிட்டன. திண்ணைகளுக்கு இடைப்பட்ட அகலம் சரியாக ஆறு அடி, அதாவது 183 சென்ரிமீற்றர். அப்பாவின் மொறிஸ் மைனர் அகலத்தில் 155 சென்ரிமீற்றர். புலவர் அவைக்குள் நுழைவதுபோல் அடக்கமாக உள்ளே போய்வரும். தொண்ணூறுகளில் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்திலே, கார்பரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயிலே அதனை ஓட்டினோம். வெண்புகை கக்கிக்கொண்டு அது படலையைக் கடக்கும் காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கின்றது. பிறாடோவின் அகலமோ, பக்கக் கண்ணாடிகளை நீக்கியும், 188 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். ஏறத்தாழ இரண்டு அங்குலம் போதாது.

இந்த இரண்டு அங்குலத்தை என் பெறாமகன் முன்னரே அறிந்திருந்தான் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. மேசனை அழைத்து வந்து அளந்தும் பார்த்திருக்கின்றான். "ஒரு பக்கத் திண்ணையை மட்டும் இடிச்சால் போதும் பெரியப்பா. இப்ப ஆர் வந்து அதிலை இருக்கினம்?" என்றான்.

எனக்கு உடனே விடை வரவில்லை. அவன் சொன்னது மெய். பானையிலே நீர் வைத்து எத்தனை ஆண்டாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன், கணக்குத் தவறிவிட்டது. வழிப்போக்கர் எல்லாரும் மோட்டார்ச் சைக்கிளில் பறக்கின்றனர். ஆயினும் ஒரு பக்கத் திண்ணையை இடித்தால் அப்பக்கத்துத் தூண் நிற்காது. தூண் நில்லாவிட்டால் கூரை நில்லாது. மேசன் 'ஒரு பக்கம்' என்று சொன்னது, வடையில் ஓட்டையை மட்டும் தின்கிறேன் என்பது போன்றது. எங்கள் ஊரில் இவ்வாறே ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு வாயிலை விழுங்கியிருக்கின்றது. முதலில் லாண்ட்மாஸ்ரருக்காக, பின்னர் வானுக்காக, இப்போது இதற்காக. இடித்த இடத்திலே இரும்புக் கதவும் உயர்ந்த மதிலும் எழும். எழுந்த பின் வெளியே நிற்பவன் மணியடித்துக் காத்திருக்க வேண்டியவனே.

இதனை அவனிடம் சொன்னேன். அவனும் வாய்மூடி இருந்தான் அல்லன். "வெள்ளத்துக்கை நடுச்சாமத்திலை நிண்டது நான் பெரியப்பா, படலை இல்லை" என்றான். அதற்கு என்ன சொல்வது? இருவரும் இரு திண்ணையிலும் எதிரெதிரே நெடுநேரம் இருந்தோம். இடையிலே, உள்ளே நுழைய மாட்டாது, வண்டி நின்றது. விற்பனை நிலையத்தவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, அம்மா கொடுத்த தேநீரைப் பருகினார்.

வண்டியை அவன் வாங்கிவிட்டான். வேண்டாம் என்று யான் சொல்லவுமில்லை. சொல்வதற்கு எனக்கு நியாயமும் இல்லை. எதிர்வளவின் சொந்தக்காரர் கனடாவில் இருக்கின்றார். அவரைத் தொலைபேசியில் அழைத்து, பற்றை வெட்டித் துப்புரவாக்கி வைத்துக்கொள்ளும் நிபந்தனையோடு, வண்டியை அங்கே நிறுத்த உத்தரவு பெற்றுள்ளோம். அம்மாவுக்காகத் தச்சன் வேப்பம் பலகையில் இரண்டு படியுள்ள முக்காலி ஒன்று செய்து தந்தான். அது இப்போது வண்டியின் பின்புறத்திலே, மருத்துவப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றது. அதில் ஏறி அம்மா முதல் முறையாக வைத்தியசாலைக்குப் போய் வந்தார். "இருக்கிறதுக்குச் சோக்கு" என்பது அவர் தீர்ப்பு.

எதிர்வளவு எவ்வளவு காலத்துக்கு எங்களுக்கு உதவும் என்பது அதன் சொந்தக்காரர் கையில் உள்ளது. அவர் வருகிற ஆடியில் ஊருக்கு வந்து வீடு கட்டப் போவதாகக் கேள்வி. மேசன் சென்ற கிழமையும் இப்பக்கம் வந்தான். திண்ணையில் இருந்து வெற்றிலை போட்டுவிட்டு, தூணை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் போனான். யான் பானையைக் கழுவி நீர் நிரப்பி வைத்திருக்கின்றேன்.