ஆறாவது தோட்டா

1925, ஜூலை 4. அமெரிக்காவின் சுதந்திர தினம். எல்மர் கீத் என்ற 26 வயது கௌபாய் கொண்டாட்டமாக ரிவால்வரை எடுத்துச் சுட்டார். அடுத்தடுத்து இரண்டு வேட்டு. காது அடைத்துப்போனது. கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தால், தோட்டாக்கள் இருக்கும் உருளையின் மேல்பாதியைக் காணோம். அதற்கு மேலே இருந்த இரும்புப் பட்டையையும் காணோம். நல்லவேளை, கீத்துக்குப் பெரிய காயம் இல்லை.

துப்பாக்கி மீது குற்றமில்லை. உள்ளே இருந்தவை கடையில் வாங்கிய தோட்டாக்கள் அல்ல. அவரே வீட்டில் தயாரித்தவை. ரைஃபிளுக்கான கனமான குண்டை ரிவால்வர் தோட்டாவில் பொருத்தி, எவ்வளவு தாங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு தாங்காது என்பது அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டிலேயே தோட்டா தயாரிப்பது அமெரிக்காவில் இன்றும் லட்சக்கணக்கானவர்களின் பொழுதுபோக்கு. சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளை உறையைத் தூக்கி எறிய மாட்டார்கள். கைப்பிடி வைத்த ஒரு சின்ன அழுத்து இயந்திரத்தில் அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் புது கேப் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டைச் செருகி, உறையின் வாயை லேசாக உள்பக்கம் மடக்கிவிடுவார்கள். கடைசியாகச் சொன்ன அந்த மடிப்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி வெடித்ததும் வேறு யாராக இருந்தாலும் கடைத் தோட்டாவுக்கு மாறியிருப்பார்கள். கீத் மாற்றியது துப்பாக்கியை. 45-க்குப் பதில் 44 ஸ்பெஷல். ஒரே அளவு உருளையில் துளை சின்னதாக இருந்தால், சுற்றிலும் அதிக இரும்பு மிஞ்சும். அதிக அழுத்தம் தாங்கும். எளிய கணக்குதான். அதற்காகக் குண்டுக்கும் அவரே வடிவம் வகுத்தார். இதைவிட வலுவான தோட்டாவைத் தொழிற்சாலைகள் செய்ய வேண்டும் என்று வருடக்கணக்கில் எழுதி நச்சரித்தார். முப்பது வருடம் கழித்து, 1955-56-ல், ரெமிங்டனும் ஸ்மித் அண்ட் வெஸனும் சேர்ந்து 44 மேக்னத்தைக் கொண்டுவந்தன. இதன் உறை சுமார் 3 மில்லிமீட்டர் நீளம் அதிகம். பழைய 44 துப்பாக்கியில் யாராவது தெரியாமல் போட்டுச் சுட்டுவிடக் கூடாதே என்றுதான் அந்த நீளம். 1971-ல் 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் வந்த பிறகு இதை உலகமே அறியும்.

ஆனால் வேட்டைக்காரர்களுக்கு இது ஹீரோ துப்பாக்கி அல்ல. இடுப்பில் தொங்கும் இரண்டாவது துப்பாக்கி. வேட்டைக்கு ரைஃபிள் இருக்கிறது. அது கைக்கு எட்டாத நேரம் ஒன்று வரும். அலாஸ்காவில் சுட்ட மானைக் குனிந்து அறுத்துக்கொண்டிருக்கும்போது ரைஃபிள் மரத்தில் சாய்ந்திருக்கும். ரத்த வாடைக்குக் கரடி வரும். பழுப்புக் கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேல் ஓடக்கூடியது. 30 மீட்டரை இரண்டே விநாடியில் கடந்துவிடும். கையில் எடுப்பது வேலை செய்தே ஆக வேண்டும்.

அப்படியானால் அந்தத் தோட்டாவை எப்படிச் சோதிப்பது? பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது வேகத்தை. துப்பாக்கிக்கு முன்னால் குரோனோகிராஃப் என்ற கருவியை வைத்து, விநாடிக்கு எத்தனை அடி என்று அளக்கிறார்கள். நூறு அடி கூடினால் அப்படி ஒரு சந்தோஷம்! வேகம் தேவைதான். வேட்டுக்கு வேட்டு அது ஒரே மாதிரி இருக்கிறதா என்பதும் தேவை. ஆனால் இரண்டு விநாடிக்குள் உயிரைக் காப்பாற்ற வேண்டிய துப்பாக்கியில் பயப்பட வேண்டியது வேறொன்று.

பஸ் திடீரென்று கிளம்பினால் நிற்பவர்கள் பின்னால் சாய்வார்கள் அல்லவா? ரிவால்வர் வெடிக்கும்போது இதுவே தலைகீழாக நடக்கிறது. துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. உருளையில் காத்திருக்கும் மற்ற தோட்டாக்களின் உறைகளையும் அது பின்னால் இழுக்கிறது. உறைக்குள் இருக்கும் குண்டோ நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. விளைவு, ஒவ்வொரு வேட்டுக்கும் குண்டு உறையிலிருந்து மயிரிழை வெளியே வரும். அதைப் பிடித்து நிறுத்துவது உறையின் பிடிப்பும் அந்த வாய் மடிப்பும்தான். பிடி தளர்ந்தால் குண்டு உருளைக்கு வெளியே மூக்கை நீட்டும். அது சட்டத்தில் முட்டும். உருளை சுற்றாது. கரடி வரும் நேரத்தில் கையில் இருப்பது வெறும் இரும்பு.

துப்பாக்கி எவ்வளவுக்கு இலேசோ, அவ்வளவுக்கு இந்தத் தொல்லை அதிகம். பழைய மாடல் 29, நீளக் குழலோடு 1,300 கிராமுக்கு மேல் கனக்கும். காட்டில் நாள் முழுக்கச் சுமப்பவர்களுக்காக வந்த 329பிடி மாடல் வெறும் 700 கிராம் சொச்சம்தான். தோட்டா அதே தோட்டா. உதை எங்கே போகும்? கை வலிப்பது ஒரு பக்கம். உருளையில் காத்திருக்கும் குண்டுகளுக்கும் அதே உதைதான். கனமான துப்பாக்கியில் தேறிய தோட்டா இலேசான துப்பாக்கியில் தேறும் என்று நம்புவது ஆபத்து. எதை இடுப்பில் கட்டப் போகிறார்களோ அதிலேயே சோதிக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து மருந்து போட மறந்த தோட்டா. வேட்டுச் சத்தத்துக்குப் பதில் 'டப்' என்று மட்டும் கேட்கும். கேப்பின் வலுவிலேயே குண்டு நகர்ந்து குழலுக்குள் சிக்கி நிற்கும். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் கதை முடிந்தது. அதனால் சோதிக்கும்போது அனுபவசாலிகள் அவசரப்படுவதே இல்லை. சத்தம் சந்தேகமாக இருந்தால் நிறுத்தி, தோட்டாக்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டுக் குழலைப் பார்ப்பார்கள்.

குண்டு நகர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு வெர்னியர் காலிபர் போதும். ஆறு தோட்டாவையும் நிரப்புவதற்கு முன், ஒன்றின் முழு நீளத்தை அளந்து பேனாவால் அடையாளம் வைக்கிறார்கள். மற்ற ஐந்தையும் சுடுகிறார்கள். அடையாளமிட்ட ஆறாவதைச் சுடாமல் வெளியே எடுத்து மறுபடி அளக்கிறார்கள். ஐந்து உதை வாங்கியும் நீளம் மாறவில்லை என்றால் மடிப்பு சரி. கொஞ்சம் நீண்டிருந்தால்கூட, அந்த முறையில் செய்த தோட்டாக்கள் இலக்குப் பலகையைச் சுடத்தான் லாயக்கு, காட்டுக்குப் போகாது. மடிப்பை இறுக்கி, புதிதாக ஆறு தோட்டா செய்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள்.