ராஜினாமா செய்தால் வியாபாரியா?

ஒருவர் எழுதியிருக்கிறார்: வேலையை விட்ட பிறகு கைக்கு வரும் கமிஷன் தொழில் வருமானமாம். பெட்ரோல், போன் செலவைக் கழித்துக்கொள்ளலாமாம். ஆர்டர் பிடித்த அன்று கழுத்தில் தொங்கியது கம்பெனி அடையாள அட்டைதானே? 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்குப் பொருந்தும் 1961 வருமான வரிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, முன்னாள் முதலாளி தருவதையும் சம்பளத்தில்தான் சேர்க்கிறது. 17(1) கமிஷனைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கம்பெனியின் கணக்குத் துறை 194எச் பிரிவு என்று போட்டு வரி பிடித்துவிட்டால் மட்டும் வருமானத்தின் குணம் மாறிவிடாது. எழுதியவர் எல்ஐசி முகவரை உதாரணம் காட்டியது அதைவிட வேடிக்கை: அந்த முகவர் என்றைக்கு ஊழியராக இருந்தார்?

முந்தைய ஆண்டின் கமிஷன் நிலுவையாக வந்து வரி கூடினால் அதே சட்டத்தின் 89ஆம் பிரிவில் நிவாரணம் கேட்கலாம். ரிட்டர்னுக்கு முன் 10-இ படிவம் போட வேண்டும். உருப்படியான இந்த வழியைப் பற்றி எழுதியவர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.