நிலக்கடலை இலையும் இறுதியாண்டு புராஜெக்டும்

கீழ்பென்னாத்தூர் வட்டாரக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறித் திருவண்ணாமலைக்குப் போய் பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளைகளில் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். மூன்றாண்டுப் படிப்பில் அவர்கள் தாமே ஒரு கேள்வியை எழுப்பி விடை தேட வாய்க்கும் இடம் இறுதியாண்டு புராஜெக்ட்தான். அதுவும் பெரும்பாலும் வீணாகிறது. நூலக மேலாண்மை, சம்பளப் பட்டியல் என்று அரைத்த மாவையே அரைக்கிறோம்; பணம் கட்டினால் புரோகிராமையும் பைண்டிங் செய்த அறிக்கையையும் சேர்த்தே தந்துவிட புராஜெக்ட் சென்டர்கள் இருக்கின்றன. ஆராய்ச்சி என்றால் பிஎச்.டி., வகுப்பு என்றால் சிலபஸ் என்று இரண்டையும் பிரித்து வைத்ததன் பலன் இது. கணினி அறிவியலில் இளநிலை வகுப்பிலேயே ஆராய்ச்சி தொடங்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குத்தான் அது மிகவும் தேவை.

முடியுமா என்று கேட்பவர்கள் 2002 ஆகஸ்டை நினைத்துப் பார்க்கலாம். ஓர் எண் பகா எண்ணா என்பதை விரைவாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் கண்டறியும் வழி, கணிதர்களுக்கு நெடுங்காலம் பிடிபடாமல் இருந்தது. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் மணீந்திர அகர்வாலுடன் சேர்ந்து அதைக் கண்டுபிடித்த நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். அவர்களுடைய பி.டெக். புராஜெக்டிலிருந்து வளர்ந்த வேலை அது. 2006-இல் கணினி அறிவியலுக்கான கோடல் பரிசு பெற்ற அந்தக் கண்டுபிடிப்புக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஐ.ஐ.டி. மாணவர்கள் வடிகட்டி எடுக்கப்பட்டவர்கள் என்பது உண்மையே. ஆனால் விடை தெரியாத கேள்வியை இருபது வயதுப் பிள்ளைகளிடம் நம்பிக் கொடுத்தாரே ஓர் ஆசிரியர், அதை எந்தக் கல்லூரியிலும் செய்யலாம்.

கேள்விக்கு வெகுதூரம் போகவும் வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் நிலக்கடலை முக்கியப் பயிர். அதற்கு வரும் டிக்கா எனும் இலைப்புள்ளி நோயை விவசாயி வீட்டுப் பிள்ளைகள் பார்த்தே வளர்கிறார்கள். படத்தைப் பார்த்துப் பயிர் நோயைச் சொல்லும் புரோகிராம் இன்று பலர் எடுக்கும் புராஜெக்ட். அதற்கு அதிகம் பயன்படுவது பிளான்ட்வில்லேஜ் என்ற படத்தொகுப்பு. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இலைப் படங்கள், 14 பயிர்கள். நிலக்கடலை அதில் இல்லை. அந்தப் படங்களைக் கொண்டு 2016-இல் வெளியான ஆய்வில் கணினி 99 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியதும் அது சுமார் 31 சதவீதமாகச் சரிந்தது. பறித்த இலையை வெறும் பின்னணியில் வைத்து எடுத்த படம் வேறு; மண்ணும் வெயிலும் பக்கத்துச் செடியின் நிழலும் விழும் வயல் படம் வேறு. ஒரு மாணவி தன் வீட்டுக் கொல்லையில் செல்போனில் சில நூறு இலைகளைப் படமெடுத்து, எது டிக்கா, எது வெறும் சத்துக் குறைபாடு என்று வேளாண் அலுவலரிடம் கேட்டுக் குறித்து, புரோகிராம் எங்கே ஏன் தவறுகிறது என்று எழுதினால் அது ஆராய்ச்சி. பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவை ஏன் பிரிக்க வேண்டும் என்பதைப் பாடப்புத்தகத்தின் பத்துப் பக்கத்தைவிட அது ஆழமாகப் பதிய வைக்கும்.

ஆராய்ச்சி செய்பவர் நல்ல ஆசிரியராக இருப்பார் என்பதற்கு ஆதாரம் இல்லையே என்பது வலுவான மறுப்பு. கல்வி ஆய்வாளர்கள் ஜான் ஹாட்டியும் ஹெர்பர்ட் மார்ஷும் 1996-இல் 58 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இரண்டுக்கும் இடையிலான தொடர்பு 0.06 மட்டுமே, இல்லை என்றே சொல்லலாம். ஆனால் ஆசிரியர் தனியே கட்டுரை எழுதிக் குவிப்பதால் வகுப்பு தானாக மேம்படாது என்பதுதான் இதன் பொருள். இரண்டையும் இணைக்கும் வழியை நாம்தான் உண்டாக்க வேண்டும். பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணும் முறை அதைச் செய்யாது.

முதலில் வேலை வாங்கித் தரட்டும் என்று பெற்றோர் சொல்வது நியாயமே. ஆனால் பழகிய புரோகிராமை ஏஐ நொடியில் எழுதித் தரும் காலத்தில், அது எழுதியது சரியா என்று சோதிக்கத் தெரிந்தவருக்குத்தான் வேலை நிற்கும். நேரமின்மைதான் மெய்யான தடை. யுஜிசி-யின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு; அதற்கு மேல் விடைத்தாளும் அலுவலக வேலையும். புராஜெக்ட் வழிகாட்டுதலை முழு வகுப்பு நேரமாகவே கணக்கிட்டால் இந்தத் தடை பெருமளவு விலகும். பல்கலைக்கழகங்கள் இதை அடுத்த கல்வியாண்டிலேயே செய்ய வேண்டும். அதுவரை துறைத் தலைவர்கள் ஒன்று செய்யலாம்: மாணவர் தன் ஊரிலிருந்து தானே திரட்டிய தரவு இல்லாத புராஜெக்டுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.