கொழுந்து எடுக்க ஆள் இல்லையாம்



எமது ரம்புக்கனைப் பக்கத்தில் அண்மைக் காலமாக எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரே பேச்சுத்தான் காதில் விழுகின்றது. "வேலைக்கு ஆள் இல்லை." தோட்ட அலுவலகத்தில் இதைச் சொல்கிறார்கள். இரண்டு ஏக்கர் இறப்பர் வைத்திருக்கும் சிங்களக் கிராமத்துக் குடும்பங்களும் இதையே சொல்கின்றன. பால் வெட்ட ஆள் கிடைக்காமல் சும்மா நிற்கும் இறப்பர் மரங்களை நான் பார்த்திருக்கிறேன். கொழுந்து எடுக்க ஆள் போதாமல், தேயிலைச் செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து காடாகிப் போன மலைகளும் உண்டு.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளைவதில்லை" என்பது பலர் சொல்லும் காரணம். சமூகவியல் படித்தவள் என்ற முறையிலும், இந்த லயங்களுக்குள் ஏறி இறங்கி வேலை செய்பவள் என்ற முறையிலும் இந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. இந்த மண்ணில் அறுவடை செய்யும் கைகள் எங்கிருந்து வந்தன, எங்கே போயின என்ற கணக்கைப் பார்த்தால் வேறு பதில் கிடைக்கின்றது. வன்னியிலிருந்து இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பலரும் அந்தக் கணக்கில் அடங்குகிறீர்கள். அதனால்தான் இம்மாதம் இதை எழுதுகிறேன்.

வந்தவர்கள் தங்கியது ஏன்?

வெள்ளைக்காரர் முதலில் இங்கே பயிரிட்டது கோப்பி. 1820களிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களை அழைத்து வந்தார்கள். அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மலைக்கு நடந்தார்கள். கோப்பிப் பழம் ஒரு பருவத்தில் பழுக்கும். பறித்து முடிந்ததும் பெரும்பாலானோர் ஊருக்குத் திரும்பி விடுவார்கள்.

1869க்குப் பின் இலை நோய் பரவிக் கோப்பி அழிந்தது. தேயிலை வந்தது, பின்னர் இறப்பர் வந்தது. தேயிலைக்கு அறுவடைக் காலம் என்று ஒன்று தனியாக இல்லை. ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு தடவை, வருடம் முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். விட்டால் முற்றிவிடும். இறப்பர் மரத்தையும் பொதுவாக ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவார்கள். ஆகவே தோட்டத்துக்கு வந்து போகும் ஆட்கள் போதவில்லை. குடும்பமாகத் தங்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். முக்கியமாகப் பெண்கள் தேவைப்பட்டார்கள். எமது பூட்டிமார் இங்கே தங்கியது பயிரின் தேவைக்காகவே. 1939ஆம் ஆண்டு இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடை செய்தது. அதன் பின் லயங்களில் நிறைந்தவர்கள் பெரும்பாலும் இங்கேயே பிறந்தவர்கள்.

இவர்களுக்குச் சுதந்திர இலங்கை கொடுத்த முதற் பரிசு 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம். அடுத்த வருடமே வாக்குரிமையும் போனது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர்களாக இருந்த 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 லட்சம் பேருக்கு இலங்கை உரிமை கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

மலைநாட்டிலிருந்து இறங்கும் கோச்சி எங்கள் ரம்புக்கனை ஸ்டேசனைத் தாண்டிப் பொல்கஹவெலைக்குப் போய், அங்கிருந்து வடக்குப் பாதையில் திரும்பித்தான் தலைமன்னாரை அடைய வேண்டும். அந்த நாட்களில் அதற்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு இந்தியப் பாஸ்போட், மற்றவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று பிரிந்தவர்கள் உண்டு. 1984இல் இராமேஸ்வரக் கப்பல் நிற்கும்வரை இது நடந்தது.

போனவர்களை அந்தப் பக்கத்தில் எங்கே வைத்தார்கள் தெரியுமா? நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டத்தில், கேரளத்தில் புனலூர் இறப்பர்த் தோட்டத்தில், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பகுதி இறப்பர்க் காடுகளில். இங்கே வேண்டாம் என்று அனுப்பப்பட்ட கைகளுக்கு அங்கே அதே வேலை காத்திருந்தது.

கப்பலேறாதவர்களில் ஒரு பகுதியினரைக் கலவரம் துரத்தியது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் எமது ஆட்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிதறி வாழ்பவர்கள். 1977இலும் 1983இலும் அடி விழுந்தது. 1981இல் இரத்தினபுரித் தோட்டங்களில் தனியாக ஒரு தடவை அடி விழுந்தது. அப்போது வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் பிறகு போரில் 2009 வரை ஊர் ஊராக இடம்பெயர்ந்து, முகாமுக்குள் இருந்து மீண்டவர்கள். இதைப் படிக்கும் சகோதரிகளில் சிலருக்கு இது சொந்தக் கதையாகவே இருக்கும்.

பேர் விழும் கணக்கு

1988, 2003 ஆகிய ஆண்டுச் சட்டங்களின் பின்னர்தான் நாடற்றவர் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. உரிமை கிடைத்த பின்னராவது பிள்ளைகள் தோட்டத்தில் நிற்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஏன் நிற்பதில்லை என்று பார்ப்போம்.

1992இல் தோட்டங்களைக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கொடுத்தபோது 3 லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் இருந்தார்கள். இன்று அதில் பாதியும் இல்லை. நாள் சம்பளம் 2021இல் 1,000 ரூபாவானது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவானது. 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபா அடிப்படைச் சம்பளமும், வருகைக்கு அரசாங்கம் தரும் 200 ரூபாவும் என்று அறிவிக்கப்பட்டது. கேட்க நல்ல தொகைதான். ஆனால் தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குப் பேர் விழுவது கொழுந்தின் நிறையைப் பொறுத்தது. சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பதும் தோட்டத்தின் கையில்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பால் வெட்டுவதைப் படிப்பில்லாதவர் வேலை என்கிறார்கள். விடியுமுன் கத்தியோடு மலையேறி ஏறக்குறைய 300 மரங்களை வெட்ட வேண்டும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஒரு நூல் ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. நட்டு ஆறேழு வருடம் காத்திருந்த மரத்தைத் தேர்ச்சியற்ற கை ஒரே பருவத்தில் கெடுத்துவிடும். இத்தனை தேர்ச்சி வேண்டிய வேலைக்குப் பதவி உயர்வு கிடையாது. பெரும்பாலானோர் இருக்கும் லயன் அறைக்கு உறுதியும் கிடையாது. ஆணுக்குச் சமமான நாள் சம்பளம் பெண்ணுக்குக் கிடைத்ததே 1984இல்தான். ஒரு தாய் தன் மகளை இதே கூடையைத் தூக்கச் சொல்ல மாட்டாள். அதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமா?

உலகத்திலும் இதே கதைதான்

தங்கள் பிள்ளைகள் செய்ய விரும்பாத அறுவடையை வேறு நாட்டு ஏழைகளைக் கொண்டு செய்விப்பது பணக்கார நாடுகளின் வழக்கம். கனடாவில் எமது உறவினர் பலர் இருக்கிறார்கள். அந்த நாடு 1966இல் ஜமேக்காவிலிருந்து பருவகாலத் தோட்டத் தொழிலாளரை எடுக்கத் தொடங்கியது. அவர்கள் சில மாதம் பழமும் மரக்கறியும் பறித்துவிட்டுத் திரும்ப வேண்டும். இருபது வருடம் வந்து போனாலும் அந்தத் திட்டத்தின் மூலம் குடியுரிமை கிடைக்காது. 2020இல் கொரோனாவுக்காக எல்லைகளை மூடிய ஜேர்மனி, வயலில் பயிர் வீணாகும் என்றதும் ருமேனியாவிலிருந்து ஆட்களை விமானத்தில் இறக்கியது. கை வேண்டும், ஆள் வேண்டாம் என்பதுதான் அதன் பொருள்.

2023 ஒக்டோபரில் போர் தொடங்கியதும் இஸ்ரேலின் வயல்களில் ஆள் இல்லாமல் போனது. பலஸ்தீனத் தொழிலாளரின் அனுமதி நிறுத்தப்பட்டது. தாய்லாந்துக்காரரில் ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திரும்பினார்கள். அந்த இடத்துக்குப் 10,000 பேரை அனுப்ப எமது அரசாங்கம் அதே வருடம் நவம்பரில் உடன்பட்டது. போரின் பயம் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட இடத்துக்கும் போகத் தயாராக ஆட்கள் இருந்தார்கள். அறுவடை செய்ய மனம் இல்லாத நாடா இது? சம்பளம் கிடைத்தால் பிறர் வயலில் அறுக்கப் போகிறவர்கள், இங்கே மலையில் ஏறுவதில்லை. அவ்வளவுதான் விடயம்.

பங்கு முறை நல்லதா?

ஆள் பற்றாக்குறைக்குப் பதிலாக இப்போது கம்பனிகள் சொல்வது 'அவுட்குரோவர்' என்னும் பங்கு முறை. ஒரு குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுப்பார்கள். குடும்பமே பராமரித்துக் கொழுந்தைக் கொடுக்க, கிலோவுக்கு விலை போட்டு, உரத்துக்கும் மருந்துக்கும் கழித்து மிச்சம் தருவார்கள். எமது மகளிர் குழுவில் இதைப் பற்றிப் பேசியபோது இரண்டு கட்சியானது. "கங்காணியின் சத்தம் இல்லை, எனக்கு வசதியான நேரத்தில் எடுக்கலாம்" என்றார் ஓர் இளம் தாய். "செடியை நீ பார், மண் அவனுக்கு. நாளைக்கு விலை விழுந்தால் நட்டம் யாருக்கு?" என்று கேட்டார் ஓய்வு பெற்ற ஓர் அம்மா.

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. நாட்டின் தேயிலையில் பெரும்பகுதியை இன்று தருவது கம்பனித் தோட்டங்கள் அல்ல, சிறுதோட்ட உடைமையாளர்கள்தான். அவர்களும் கூலிக்கு ஆள் தேடி அலைகிறார்கள். ஆனால் தன் காணியில் தான் பறிக்கும் குடும்பம் எளிதில் செடியைக் காடாக விடுவதில்லை. ஆகவே பங்கு கொடுப்பது தவறல்ல. மண்ணில் உரிமை இல்லாத பங்கு, நட்டத்தில் மட்டும் பங்காகிவிடக் கூடாது. தொழிலாளி என்ற பதிவும் போய்விட்டால் ஊழியர் சேமலாப நிதியும் பிரசவ சகாயமும் சேர்ந்தே போய்விடும்.

அறுவடையை யார் செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டால், விரும்பும் எவரும் செய்யலாம் என்பேன். தமிழரா சிங்களவரா, உள்ளூரா வெளியூரா என்பது எனக்குப் பெரிதல்ல. எமது பகுதியில் இன்று பால் வெட்டுபவர்களில் சிங்களப் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களின் முறைப்பாடும் எங்களுடையதுதான். ஆனால் யார் அறுத்தாலும் அவருக்கு அந்த ஊரில் வாக்கும், காணியும், வயதான காலத்துக்குச் சேமிப்பும் இருக்க வேண்டும். அவை இல்லாமல் எத்தனை பேரைக் கொண்டுவந்தாலும் அடுத்த தலைமுறை போய்விடும். இந்த மலைகள் அதைக் காட்டிவிட்டன.

நாம் செய்யக் கூடியவை

வன்னியிலும் நிலைமை வேறல்ல. இங்கிருந்து போனவர்களில் பலர் அங்கே மற்றவர்களின் வயலில் நெல் அறுத்தும், மிளகாய், வெங்காயம், கச்சான் பிடுங்கியும் கூலி பெற்றவர்கள். இப்போது அறுவடை இயந்திரம் வந்து நெல்வெட்டுக் கூலியும் குறைந்துவிட்டது. இங்கே ஆள் இல்லை, அங்கே வேலை இல்லை. இரண்டு இடத்திலும் பெண்ணின் பெயரில் காணி இல்லை என்பதுதான் அடிப்படைக் குறை. ஆகவே சில விடயங்களைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காணிக்கோ வீட்டுக்கோ உறுதி தருவதாகச் சொன்னால், கணவன் மனைவி இருவர் பெயரிலும் கேளுங்கள். அரச அனுமதிப்பத்திரக் காணிகளில் வாரிசு பெயரிடாத இடத்து ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்றிருந்த காணி அபிவிருத்திச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, பெண்பிள்ளைக்கும் சம இடம் கிடைத்திருக்கிறது. உங்கள் அனுமதிப்பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள். கணவரை இழந்த, கணவர் காணாமற்போன சகோதரிகள் இதைத் தள்ளிப் போட வேண்டாம்.

கூலி வேலை என்றாலும், கிலோக் கணக்கு வேலை என்றாலும் சேமலாப நிதிக்கு உரிமை உண்டு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழித்தால், வேலை கொடுப்பவர் 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் வேறு. உங்கள் இலக்கத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பங்கு முறைக்கோ வெளிநாட்டு வேலைக்கோ, தமிழில் இல்லாத ஒப்பந்தத்தில் யாரையாவது வாசிக்கச் செய்து விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். வெளிநாடு என்றால் பணியகத்தில் பதிந்து போங்கள். தகவலுக்கு 1989 என்ற இலக்கம் உண்டு. தோட்ட வேலைக்கு எடுத்த விசாவில் வேறு வேலைக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதையும் போகிறவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

உங்கள் ஊரில் இந்தப் போகத்தில் அறுவடைக்கு யார் போனார்கள், பெண்ணுக்கு என்ன கூலி, ஆணுக்கு என்ன கூலி என்று எழுதி அனுப்புங்கள். வரும் மாதங்களில் அவற்றை வைத்துப் பேசுவோம்.