தொழிற்சாலை நம் கையில்; தொழில்நுட்பம் யார் கையில்?

நம் இளைஞர்களின் கைப்பேசிகளில் கார் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. 2024 செப்டம்பரில் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் 'தியரி 1' என்ற மின்சார ஸ்போர்ட்ஸ் காரை அறிமுகப்படுத்தியது. அதன் படங்களையும் நம்மில் பலர் பார்த்திருக்கலாம். ஆனால், இந்தக் கார் கடைக்கு வரவில்லை. தன் எதிர்காலச் சிந்தனை எந்தத் திசையில் போகிறது என்று காட்டுவதற்காக ஒரு நிறுவனம் செய்து வைக்கும் முன்மாதிரி இது. இதைத்தான் கான்செப்ட் கார் என்கிறார்கள்.

வாங்க முடியாத காரை நாம் ஏன் பார்க்க வேண்டும்? அதில் நமக்குப் பாடம் இருக்கிறது. அந்தப் பாடத்தை நம் நாடு ஒரு முறை கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தும் முழுமையாகப் படிக்கவில்லை என்பதே என் கருத்து.

முதலில் காரைப் பார்ப்போம். மின்சாரக் காரில் மிகக் கனமான பொருள் மின்கலம். பெரும்பாலான மின்சாரக் கார்களில் அது தரைக்கு அடியில் இருக்கிறது. அதனால் இருக்கை மேலே போகிறது, காரும் உயர்கிறது. குடும்பக் காருக்கு அது சரி. தரையோடு தரையாகப் பதுங்கிப் பாய வேண்டிய ஸ்போர்ட்ஸ் காருக்கு அது ஒத்துவராது. எனவே 'தியரி 1'-இல் மின்கலத்தை இருக்கைகளுக்குப் பின்னால் வைத்தார்கள். ஓட்டுநர் நடுவில் அமர்கிறார். இரு பயணிகள் அவருக்குப் பின்னால் இரு பக்கமும். ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் இரும்புத் தண்டு இல்லை. மின் சமிக்ஞைதான் சக்கரத்தைத் திருப்புகிறது. கண்ணில் படும் பாகங்களுக்கு மறுசுழற்சி செய்த கரிம இழை உட்பட 10 முக்கியப் பொருள்களை மட்டுமே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

எடை 1,600 கிலோவுக்குள், மின்கலம் 70 கிலோவாட் மணி, 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 2.5 வினாடிக்கும் குறைவு. இவை லோட்டஸ் அறிவித்த இலக்குகள். படிவம் 4 இயற்பியல் படிக்கும் மாணவர் இதை உடனே கணக்குப் போடலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு சுமார் 27.8 மீட்டர். அதை 2.5-ஆல் வகுத்தால் 11.1 வரும். மேலிருந்து விழும் கல்லின் முடுக்கம் 9.8 தான்! மின்கலத்தின் 70 கிலோவாட் மணி என்பது நம் வீட்டு மின்கட்டணப் பில்லில் வரும் 70 யூனிட். இப்படிப் பார்த்தால் கனவுக் கார் பாடப் புத்தகத்துக்குள் வந்துவிடுகிறது.

இனி நம் கதைக்கு வருவோம். லோட்டஸ் நமக்கு அந்நிய நிறுவனமல்ல. 1996-இல் நம் தேசியக் கார் நிறுவனமான புரோட்டோன் அதைத் தன் வசமாக்கியது. 2017-இல் சீனாவின் ஜீலி நிறுவனம் லோட்டஸின் 51 விழுக்காட்டுப் பங்கை வாங்கும் வரை அது புரோட்டோனிடமே இருந்தது. அந்தக் காலத்தில்தான் உலகையே திரும்பிப் பார்க்க வைத்த டெஸ்லா ரோட்ஸ்டர் பிறந்தது. லோட்டஸ் எலீஸ் காரை அடிப்படையாகக் கொண்ட அந்த மின்சார ஸ்போர்ட்ஸ் காரின் உடற்பகுதி, 2008 முதல் சில ஆண்டுகள் இங்கிலாந்தின் ஹெதலில் உள்ள லோட்டஸ் தொழிற்சாலையில் பூட்டப்பட்டது. அதாவது, மலேசிய நிறுவனத்துக்குச் சொந்தமான கூரையின் கீழ்!

புரோட்டோன் லோட்டஸிடம் ஒன்றுமே கற்கவில்லை என்று சொல்வது அநியாயம். கேம்ப்ரோ இயந்திரம் லோட்டஸின் துணையோடு உருவானது. புரோட்டோன் கார்கள் வளைவுகளில் சாலையைப் பிடித்து ஓடும் நேர்த்திக்கும் அந்த உறவு காரணம். ஆனால் மின்சாரக் காரில் நடந்ததைப் பாருங்கள். 2010 ஜெனீவா கண்காட்சியில் புரோட்டோன் 'எமாஸ்' என்ற கான்செப்ட் காரைக் காட்டியது. அதை வரைந்தது இத்தாலிய நிறுவனம். அது விற்பனைக்கு வரவில்லை. 14 ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், 'இ.மாஸ் 7' வந்தது. அதன் அடிப்படை ஜீலியின் கார். டெஸ்லாவோ, மடிக்கணினியில் இருப்பது போன்ற 6,831 சிறு மின்கலங்களை ஒன்றாகக் கட்டிக் காரை ஓட்டுவது எப்படி என்ற கேள்வியோடு வந்தது, விடையோடு போனது. வீட்டுக்காரருக்கு வாடகை கிடைத்தது. குடியிருந்தவருக்கு வித்தை கிடைத்தது.

இதை ஏன் செலண்டார், ஜாசின், அலோர் காஜா மாணவர்களிடம் சொல்ல வேண்டும்? நாமும் அதே நிலையில் இருக்கிறோம் என்பதால்தான்.

மின்கலத்திலிருந்து வரும் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்ற, வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும் சில்லுகள் தேவை. இந்த மின்திறன் சில்லுகளில் உலகின் முன்னணி நிறுவனமான இன்ஃபினியனின் பெரிய தொழிற்சாலை நம் பத்து பெரெண்டாமில் இருக்கிறது. அது 1973-இல் தொடங்கியது. தோட்டப்புறங்களிலிருந்து தொழிற்சாலைப் பேருந்து ஏறி பத்து பெரெண்டாமுக்குப் போன அக்காமார்களும் அத்தைமார்களும் நம் குடும்பங்களில் உண்டு. பெகோவில் ஹோண்டா கார் தொழிற்சாலை. டுரியான் துங்காலில் மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். செலண்டாரிலேயே தொழிற்பயிற்சிக் கழகம். எல்லாம் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் பக்கத்தில் இருப்பதாலேயே எதுவும் நமக்குத் தெரிந்துவிடாது.

எஸ்.பி.எம். முடிந்ததும் "படிப்பு வராதவன் போகிற இடம்" என்று திவெட் கல்வியை ஒதுக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். கூடுதல் கணிதம் கடினம் என்று படிவம் 4-லேயே கைவிடும் மாணவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் நமக்கே கேடு. இன்று மைவியைப் பழுது பார்க்கும் கைகள், நாளை 400 வோல்ட் பாயும் காரைப் பயிற்சி இல்லாமல் தொட முடியாது. தொட்டால் உயிருக்கே ஆபத்து. பட்டறை வைத்திருக்கும் நம்மவர்கள் அந்தப் பயிற்சியை இப்போதே பெறாவிட்டால், தலைமுறைத் தொழில் கைநழுவிப் போகும்.

மாணவர்களே, அடுத்த முறை ஒரு கான்செப்ட் கார் காணொளியைப் பார்க்கும்போது விலையையும் வேகத்தையும் மட்டும் பார்க்காதீர்கள். மின்கலம் எங்கே இருக்கிறது? எடையை எப்படிக் குறைத்தார்கள்? எந்தப் பொருளை, எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள்? இந்த மூன்று கேள்விகளை எழுதி உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். ஒரு நாள் ஏதாவது தொழிற்சாலைக்குள் வேலைக்காகவோ பயிற்சிக்காகவோ நீங்கள் நுழையும்போது, கையில் சம்பளக் கணக்கோடு இப்படி ஒரு கேள்வியும் இருக்கட்டும்.