ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் நின்றவர்கள்



திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமையை (மத் 20:1-16) நாம் அனைவரும் அறிவோம். விடியற்காலையில் வந்தவருக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் ஒரே தெனாரியம் கூலியாகக் கொடுக்கப்பட்டதைப் பற்றிப் பல மறையுரைகளைக் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கூலிக்கு முன்னர் நிகழும் ஒரு சிறிய உரையாடலை வேகமாகக் கடந்துவிடுகிறோம். மாலை ஐந்து மணிக்குத் தோட்ட உரிமையாளர் மீண்டும் சந்தைவெளிக்கு வருகிறார். அங்கே இன்னும் சிலர் நிற்கிறார்கள். நாள் முழுவதும் ஏன் வேலையின்றி நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். தங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்கிறார்கள் அவர்கள்.

அவர்கள் சோம்பேறிகள் அல்லர். சோம்பேறிகளாக இருந்திருந்தால் நண்பகல் வெயிலோடு வீடு திரும்பியிருப்பார்கள். தங்கள் கண்முன்னே மற்றவர்கள் அழைத்துச் செல்லப்படுவதைப் பார்த்தபடி, பொழுது சாயும்வரை அந்த இடத்தைவிட்டு அகலாமல் நின்றவர்கள் அவர்கள்.

அந்தச் சந்தைவெளி இன்று நம் வீட்டு விறாந்தைவரை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்த்து, விண்ணப்பம் நிரப்பி, சான்றிதழ்ப் பிரதிகளை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பும் மகனும் மகளும் நம்மிடையே இருக்கிறார்கள். நேர்முகப் பரீட்சைக்காக முதல் நாள் இரவே யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொழும்புக்குப் பேருந்து ஏறுகிறார்கள். பத்து நிமிடத்தில் நேர்முகம் முடிந்துவிடுகிறது. பிறகு வாரங்கள் கழிகின்றன, பதில் வருவதில்லை. தெரிவு செய்யப்படவில்லை என்று எழுதி அனுப்பினாலாவது மனம் ஒரு முடிவுக்கு வரும். 2017ஆம் ஆண்டில் வடக்கிலும் கிழக்கிலும் பட்டதாரிகள் வேலை கேட்டு மாதக்கணக்கில் வீதியோரத்தில் அமர்ந்திருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலோ, கையிலிருந்த வேலையையே இழந்து, நாற்பது வயதுக்கு மேல் மீண்டும் விண்ணப்பம் எழுதவேண்டிய நிலைக்குக் குடும்பத் தலைவர்கள் பலர் தள்ளப்பட்டார்கள். அவர்களுடைய வேதனை வேறு விதமானது. அதைப் பிள்ளைகளிடம் சொல்லவும் முடியாது, மறைக்கவும் முடியாது.

நிராகரிப்புச் செய்தி வந்த நாளில் வீட்டில் என்ன பேசப்படுகிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். உன்னோடு படித்த பிள்ளை வங்கியில் சேர்ந்துவிட்டதாமே என்று ஒருவர் தொடங்குவார். உன் முயற்சி காணாது என்பார் இன்னொருவர். ஒழுங்காகப் பூசைக்குப் போயிருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று கேட்கவும் ஒருவர் இருப்பார். மூன்றிலும் மூன்றாவதே மிகவும் ஆபத்தானது. ஏனெனில், அது பக்தியின் உடையை அணிந்துகொண்டு வருகிறது. பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைக் கண்டபோது, யார் செய்த பாவம் இது என்று சீடர்கள் கேட்டார்கள் (யோவா 9:1-3). இவரும் பாவம் செய்யவில்லை, இவருடைய பெற்றோரும் பாவம் செய்யவில்லை என்று சொல்லி, ஆண்டவர் அந்தக் கேள்வியையே மறுத்துவிட்டார். அவர் மறுத்த கேள்வியை நாம் ஏன் நம் பிள்ளைகளிடம் கேட்கவேண்டும்?

யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், முதல் ஏழு நாட்களும் ஒன்றும் பேசாமல் அவரருகே தரையில் அமர்ந்திருந்ததுதான் (யோபு 2:13). விளக்கம் கொடுக்க வாய் திறந்த பிறகுதான் அவர்கள் பிழைவிட்டார்கள். பெற்றோரே, அந்த இரவு உணவைச் சற்று நேரத்தோடு பரிமாறுங்கள். பிள்ளை பேச விரும்பினால் பேசட்டும், விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். அயலவருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

வேலை கிடைக்காத இளைஞரே, திருவிவிலியத்தில் உங்களுக்கு ஒரு தோழர் இருக்கிறார். அவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. யூதாசின் இடம் வெறுமையானபோது, ஏறக்குறைய நூற்றிருபது பேர் கூடியிருந்த சபையில் அந்தப் பொறுப்புக்கு இருவர் முன்நிறுத்தப்பட்டனர் (திப 1:15-26). ஒருவர் மத்தியா. மற்றவர் பர்சபா எனப்பட்ட யோசேப்பு. யுஸ்து என்ற பெயரும் அவருக்கு உண்டு. கேட்கப்பட்ட தகுதி இருவருக்கும் இருந்தது. யோவானின் திருமுழுக்குக் காலம் முதல் ஆண்டவர் விண்ணேற்றமடைந்த நாள்வரை இருவரும் உடனிருந்தவர்கள். சபையாரின் மன்றாட்டுக்குப் பின் சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுந்தது. யோசேப்பிடம் என்ன குறை இருந்தது என்று திருவிவிலியம் கூறவில்லை. குறை எதுவும் சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். இடம் ஒன்று, தகுதியுள்ளவர்கள் இருவர்; அவ்வளவுதான். அதன்பின் திருவிவிலியத்தில் அவருடைய பெயர் வருவதில்லை. ஆயினும் பழைய வரலாற்றாசிரியர் யூசேபியு, பாப்பியா என்ற ஆயரின் எழுத்தை ஆதாரமாகக் கொண்டு, இந்த யுஸ்து நஞ்சருந்தியும் ஆண்டவருடைய அருளால் தீங்கடையவில்லை என்ற மரபைக் குறித்துவைத்திருக்கிறார். எப்படியும், தெரிவு செய்யப்படாத அவர் ஆண்டவரை விட்டு விலகியவராக மரபில் நினைவுகூரப்படவில்லை.

நம் நாட்டின் திருத்தூதர் புனித யோசேப் வாசும் விரும்பிய பணியை உடனே பெற்றவர் அல்லர். இலங்கைக்கு வர விரும்பிய அவரை முதலில் கன்னரா பகுதிக்கே அனுப்பினார்கள். 1687இல்தான் அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறையில் அடைக்கப்பட்டார். அந்த ஆண்டுகளை அவர் வீணாகப் போனவை என்று எண்ணியிருந்தால் இங்கு திருச்சபையின் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

வேலை இல்லாதவர் மதிப்பற்றவர் என்பது உலகத்தின் கணக்கு. திருச்சபை அவ்வாறு போதிக்கவில்லை. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், உழைப்புக்கு மதிப்பைத் தருபவர் அதைச் செய்யும் மனிதரே என்று விளக்குகிறார். கல்வியும் பயிற்சியும் பெற்ற இளையோர் வேலை கிடைக்காமல் தவிப்பதை அவர் தனியாகக் குறிப்பிட்டு, வேலையின்மையை ஒரு தீமை என்றே சொல்கிறார். தீமை என்றால் அதைக் கடவுளின் திருவுளம் என்று சொல்லி மூடிவிட இயலாது.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் விண்ணப்பப் பிரதியோடு முழந்தாளிடுபவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் புனிதர்களோடு பேரம் பேசுவது நம்மவர்க்குக் கைவந்த கலை. ஒன்பது வாரம் வந்துவிட்டேன், இனி வேலை தரவேண்டும் என்ற கணக்கில் செபித்தால், பத்தாவது வாரத்தில் வேலையோடு விசுவாசமும் இல்லாமல் போகும். திருப்பாடல்களில் எத்தனையோ முறைப்பாடுகள் இருக்கின்றன. ஏமாற்றத்தையும் கோபத்தையும் அவ்வாறே ஆண்டவரிடம் சொல்லுங்கள். சொல்லி முடித்துவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எழுதுங்கள். நேர்முகத்தில் எதில் குறைவு ஏற்பட்டது என்று பணிவாகக் கேட்டு எழுதலாம். சில நிறுவனங்கள் பதில் சொல்வதுண்டு. சிங்களமோ ஆங்கிலமோ தடையாக இருந்தால், காத்திருக்கும் மாதங்களில் அதைக் கற்கலாம்.

மனம் உடைந்திருக்கும் இந்த வேளையில்தான் வெளிநாட்டு வேலை என்று இலட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களும் வாசலுக்கு வருகிறார்கள். மியன்மாரின் மியாவதிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் சிக்கியிருந்த இலங்கை இளைஞர்கள் 2024இல் மீட்கப்பட்டதைச் செய்திகளில் படித்தோம். நல்ல வேலை என்ற சொல்லை நம்பி விமானம் ஏறியவர்கள் அவர்கள். தாலிக்கொடியை அடகு வைப்பதற்கு முன், அந்த முகவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்டறியுங்கள்.

தொழில் கொடுக்கும் நிலையில் உள்ள கத்தோலிக்கரும் இப்பத்தியை வாசிக்கிறீர்கள். உவமையில் வரும் உரிமையாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார்; கூலி கொடுக்கும் பொறுப்பு அவரிடமே விடப்பட்டது. ஆனால் ஆட்களைத் தேடி ஒரே நாளில் ஐந்து முறை சந்தைவெளிக்குப் போனவர் உரிமையாளரே. உங்களிடம் விண்ணப்பித்தவர்களுக்கு, இடமில்லை என்றாலும், இரண்டு வரிப் பதிலை அனுப்பிவிடுங்கள். மே மாதம் முதலாம் நாள், 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்திய தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாள் வருகிறது. அன்று தொழிற்கருவிகளையும் வாகனங்களையும் மந்திரித்துக் கொடுக்கும் பங்குகளில், வேலை தேடுவோரும் தங்கள் சான்றிதழ்க் கோப்புகளோடு வரலாம் என்று முந்திய ஞாயிறே அறிவித்தால் என்ன? பூசை முடிந்ததும் அவர்களுடைய பெயரையும் படிப்பையும் ஒரு கொப்பியில் எழுதி, பங்கில் கடையும் கம்பனியும் நடத்துவோரின் கைக்கு அதே நாளில் கொடுத்துவிடலாம்.