நெட்டுருவும் மரபுத்தொடரும்

அயல்நாட்டுப் படிப்புக்கு ஆயத்தமாகும் பருத்திப்பட்டு மாணவர்கள், ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் திறன் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் உயர்ந்த பேண்டு, அதாவது மதிப்பெண் படி, பெற வேண்டுமானால் ஆங்கில மரபுத்தொடர்களை நூற்றுக்கணக்கில் நெட்டுருச் செய்தே தீரவேண்டும் என்று நண்பர் ஒருவர் வாதிக்கிறார். அவ்வாதத்தை நான் முற்றாக மறுக்கிறேன்.

11 முதல் 14 நிமிஷம் நடக்கும் அந்தச் சம்பாஷணையில் சரளமும் கோவையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்னும் நான்கு அம்சங்களும் சம அளவில் மதிக்கப்படுகின்றன. மரபுத்தொடரோ சொல்வளத்தின் ஒரு கூறு மாத்திரமே. அதுவும் 7-ஆவது பேண்டிலிருந்துதான் எதிர்பார்க்கப்படுகிறது. அங்கேயும் சில பொருந்தாத பிரயோகங்கள் பொறுக்கப்படுகின்றன. தனக்குப் பிரியமான ஓரிடத்தை வர்ணிக்கும்படி பரீட்சகர் கேட்கையில், பருத்திப்பட்டு ஏரியின் நீர்ப்பறவைகளையும் கரையோர நடைபாதையையும் எளிய வாக்கியங்களில் கண்முன் நிறுத்தவல்ல ஒரு பெண், இக்காலத்து ஆங்கிலேயரே அரிதாக வழங்கும் பழந்தொடர் ஒன்றை இடையே செருகுவதற்காகத் தயங்கி நிற்பாளாயின், சரளத்தை இழப்பதோடு, மனப்பாடம் செய்து வந்தவள் என்னும் சந்தேகத்துக்கும் ஆளாவாள்.

மரபுத்தொடரே வேண்டாமென்பது என் கட்சியன்று. கேட்டும் படித்தும் பழகிய சில தொடர்கள் சந்தர்ப்பத்தோடு இசைந்து நாவில் எழுமாயின் அவை அவளுக்கே சொந்தம். ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு மரபுத்தொடர்ப் பட்டியலைத் திணிக்கும் பயிற்சியாளர்கள், அவளுக்கு அத்தியாவசியமான பேச்சுப் பயிற்சியை மறுக்கின்றனர். அந்த அநீதிக்கு நண்பர் பரிந்து பேசுவதை என்னால் ஏற்க இயலவில்லை.